வந்து சேர்ந்தவள்மீது விழும் பழி

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய தொலைக்காட்சித் திகில் படங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். வெஸ் கிரேவன் இயக்கிய 'ஸ்ட்ரேஞ்சர் இன் அவர் ஹவுஸ்' என்ற படத்தைக் குறித்து அதில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும், படத்தின் முடிவே அதன் பெருமை என்ற கட்டுரையாளரின் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முடிவுதான் படத்தைக் கெடுத்தது என்பது என் எண்ணம். திருகோணமலையில் இருந்துகொண்டு பார்க்கும் எனக்கு அது வெறும் கதைக் குறையாகவும் படவில்லை.

படத்தைப் பாராதோருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதைப் பொறுத்தருள்க. லோயிஸ் டங்கன் 1976 இல் எழுதிய இளையோர் நாவலைத் தழுவிய இப்படத்தை அமெரிக்காவின் என்.பி.சி. நிலையம் 1978 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஒளிபரப்பியது. கார் விபத்தில் பெற்றோரை இழந்த ஜூலியா என்ற பெண்ணை உறவினர் தம் வீட்டுக்கு அழைத்துவருகின்றனர். அவளைக் கண்டதும் அந்த வீட்டு மகள் ரேச்சலின் குதிரை மிரளுகிறது. நடன விருந்து நெருங்கும் வேளையில் ரேச்சலின் உடம்பெங்கும் காணாக்கடி கிளம்ப, அவளுடைய காதலன் ஜூலியாவோடு விருந்துக்குப் போகிறான். பின்னர் குதிரையும் சாகிறது. ஜூலியாவின் பொருள்களுக்கிடையே ஒரு மனிதப் பல் அகப்படுகிறது. மாந்திரீகம் பற்றி அறிந்த அயல்வீட்டுப் பேராசிரியரிடம் ரேச்சல் விளக்கம் கேட்கப் போக, அவரும் நோயில் விழுகிறார். வீட்டிலோ அவள் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ரேச்சல் சொன்னதெல்லாம் மெய்யென்று ஆகிறது: வந்தவள் ஜூலியாவே அல்லள், விபத்தில் இறந்துபோன ஜூலியாவின் பெயரில் நுழைந்திருக்கும் வேலைக்காரப் பெண், சூனியக்காரி.

தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்டதே இப்படத்தின் முற்பாதிக்கு வலுச் சேர்த்தது என்று கட்டுரையாளர் சொல்வது மிகச் சரி. கிரேவன் 1972 இலும் 1977 இலும் திரையரங்குகளுக்காக எடுத்த படங்கள் இரத்தமும் கொடூரமும் மலிந்தவை. பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெட்டியில் அப்படி எதையும் காட்ட வழியில்லை. அதனால் அவர் அச்சத்தைச் சாப்பாட்டு மேசைக்கும் படுக்கையறைக்கும் கொண்டுவந்தார். தாய் புதியவளுக்குக் காட்டும் பரிவு, அண்ணன் அவள் பின்னால் திரிவது, தகப்பனும் மெல்ல அவள் பக்கம் சாய்வது என்று ஒவ்வொன்றும் ரேச்சலின் மனத்தில் ஊசியாக இறங்குகிறது. ஆயினும் எதுவும் சூனியத்தால்தான் நடந்தது என்று சொல்லும்படி இல்லை. நடிகையைத் தெரிந்தெடுத்ததிலும் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. 1973 இல் 'எக்ஸோர்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமியாக வந்து ஒஸ்கார் பரிந்துரை வரை போன லிண்டா பிளேர்தான் இங்கே ரேச்சல். பார்ப்பவர் மனத்தில் அந்தப் பழைய முகம் இன்னும் இருப்பதால், பழி சொல்லும் பெண்ணையே நாம் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இந்தத் தராசு எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. லீ பர்செல் ஜூலியாவாக அடக்கி நடித்திருப்பதும் அதற்குத் துணை.

அந்த ஒரு மணி நேரம் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் கேலியில் திருமலைக்காரரையும் சேர்த்துக்கொள்வதுண்டு. கேலியைக் கேட்டுச் சிரிக்கும் நாமே குடும்பத்தில் ஒரு காய்ச்சல் விடாமல் காய்ந்தால் எங்கே போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே தமிழர் நூல் கட்டுகிறார்கள், முஸ்லிம்கள் ஓதிய தண்ணீர் வாங்குகிறார்கள், சிங்களவர் தொவில் என்னும் பேயோட்டும் சடங்கு வைக்கிறார்கள்; தேவை முற்றினால் ஒருவர் மற்றவரிடம் போவதும் உண்டு. ஆறுதலுக்காக நூல் கட்டுவோரை நான் பழிக்கவில்லை. கல்யாணம் தள்ளிப்போவதற்கும் கடை நட்டப்படுவதற்கும் செய்வினைதான் காரணம் என்று குறி சொல்பவர், அடுத்தபடியாகச் செய்தவர் யார் என்று அடையாளம் காட்டத் தொடங்கும் இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. அந்த அடையாளம் அநேகமாக வீட்டோடு பிறந்தவரைச் சுட்டுவதில்லை. மருமகள், விதவையாகித் திரும்பி வந்த மாமி, வேலைக்கு நிற்கும் பெண், தாய் தகப்பன் இல்லாமல் வளரும் பிள்ளை என்று எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒருவரிடமே போய் நிற்கிறது. நீண்ட போரும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளும் இந்தக் கரையில் எத்தனையோ பிள்ளைகளை உறவினர் வீடுகளில் கொண்டுபோய் விட்டன என்பதை நினைத்தால், ஜூலியாவின் கதை நமக்கு அமெரிக்கக் கதையாக மட்டும் இருக்க முடியாது.

சான்றுகள்கூட ஒன்றுபோலவே இருக்கின்றன. ரேச்சல் கண்டெடுக்கும் பல்லுக்கும், இங்கே முற்றத்தைத் தோண்டி எடுத்துக் காட்டப்படும் தலைமயிருக்கும் செப்புத் தகட்டுக்கும் தேசிக்காய்க்கும் என்ன வேறுபாடு? தோண்டுகிறவரே புதைத்திருக்கலாம் என்ற ஐயம் நமக்கு வராமலில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. படமோ அந்த ஐயத்துக்கு இடம் வைக்காமல், சூனியக்காரியின் உருவம் புகைப்படத்தில் விழாது என்ற நம்பிக்கையைக் கொண்டுவந்து, கமராவையே ரேச்சலின் பக்கத்துச் சாட்சியாக நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஜூலியா எப்போது பிடிபடுவாள் என்று காத்திருப்பதுதான் மிச்சம்.

மெய்யான வழக்குகளில் அப்படியொரு கமரா இருந்ததில்லை. மாசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலத்தில் 1692 இல் நடந்தவையும் ஒரு வீட்டுக்குள்ளேதான் தொடங்கின. பாதிரியார் சாமுவேல் பாரிஸின் 9 வயது மகளும், அவருடைய வீட்டில் வளர்ந்த 11 வயது உறவுப் பெண்ணும் வலிப்புக் கண்டவர்போல் நடந்துகொள்ள, அது சூனியம் என்று முடிவாயிற்று. முதலில் பழி விழுந்தது மூன்று பெண்கள்மேல். ஒருத்தி அதே வீட்டில் அடிமையாக இருந்த டிட்டுபா. இன்னொருத்தி வீடு வீடாக இரந்து பிழைத்த சாரா குட். மூன்றாமவள் கோவிலுக்குப் போவதை விட்டிருந்த சாரா ஒஸ்போர்ன். பழி சொன்னவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆவியுருவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கப்பட்டார். சாரா குட்டின் சின்னஞ்சிறு மகள்கூடச் சிறையில் அடைக்கப்பட்டாள். 1693 இல் கூடிய புதிய நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியத்தைத் தள்ளிவைத்ததும் எஞ்சிய வழக்குகளில் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தன. அன்று தண்டிக்கப்பட்டோருள் கடைசிப் பெண்ணின் பெயரிலிருந்து குற்றம் நீக்கப்பட்டது 2022 இல்தான். இந்த வரலாற்றைப் பள்ளியிலேயே படிக்கும் நாட்டில், வீட்டு வேலைக்காரியைச் சூனியக்காரியாக்கி, பழி சொன்னவளுக்கே வெற்றியும் தந்து ஒரு படம் எடுக்கப்பட்டிருப்பது வியப்பாகவே இருக்கிறது.

திகில் படத்தில் பேய் உண்டு என்றுதான் முடிய வேண்டும், இல்லையென்றால் பார்த்தவர் ஏமாந்துபோவார் என்று கட்டுரையாளர் பதில் சொல்லக்கூடும். நியாயமான பதில்தான். நானும் கடைசிக் காட்சியில் திடுக்கிட்டவன்; காரோடு அழிந்தாள் என்று நாம் நினைத்த அந்தச் சூனியக்காரி இன்னொரு வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணாக வந்து நிற்பதை எடுத்திருக்கும் விதத்தில் கைத்திறன் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி நமக்குச் சொல்லித்தருவது என்ன? வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகியுங்கள் என்பதல்லவா? படம் முற்பாதியில் காத்த ஐயத்தைக் கடைசிவரை காத்திருந்தால் பயம் குறைந்திருக்காது. படுக்கைக்குப் போன பிறகும் யார் சொன்னது சரி என்று நம்மோடு நாமே வாதாடிக்கொண்டிருந்திருப்போம்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் வேண்டும். 'சமர் ஒஃப் ஃபியர்' என்று தனியாகக் குறிப்பிடப்பட்டிருப்பது வேறு படம் அன்று. நாவலின் பெயர் அதுவே. ஐரோப்பியத் திரையரங்குகளில் இதே படம் அப்பெயரில்தான் ஓடியது. இப்படம் ஒளிபரப்பான 1978 இல் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாகினி 1982 இலும்தான் வந்தன. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்த தலைமுறையினர், வீடியோ நாடாவின் உறையில் எந்தப் பெயர் இருந்ததோ அதையே நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே இரு பெயரையும் சேர்த்துக் கொடுப்பது தேடுவோருக்கு உதவும்.

தொடர் இன்னும் சில வாரங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு வாரத்தையாவது அமெரிக்கப் படங்களை விட்டு, மாலை வேளைகளில் நம் வீடுகளில் ஓடும் தமிழ்த் தொடர் நாடகங்களுக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். மருமகளின் தலையணைக்குள்ளிருந்து தகடு எடுக்கப்படும் காட்சிகள் அவற்றில் எப்படி எடுக்கப்படுகின்றன, பழி யார்மேல் விழுகிறது, கடைசியில் யார் சொல் மெய்யாகிறது என்பவற்றைக் கட்டுரையாளர் தம் கூரிய பார்வையால் அலசினால் வாசிக்க ஆவலாக இருப்பேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.