படிப்பகச் சங்க ஆண்டறிக்கை, மஞ்சக்குப்பம், கடலூர்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிர்வாகக்குழு ஏழு முறை கூடியது; அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. பொங்கல் விழாவும் குடியரசு நாள் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. ஒழுகிய கூரை சரிசெய்யப்பட்டது.

வடக்குச் சுவரில் மாட்டியிருக்கும் ஆதிமனிதர் பரவல் வரைபடம் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். "பள்ளிப் பிள்ளைகளின் சார்ட் வேலைக்குச் சங்கப் பணமா?" என்று குழுவில் கேட்டார்கள். சங்கப் பணம் துணிக்கும் கம்பளி நூலுக்கும் மட்டுமே. ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்தார். அந்த மண்ணின் பிள்ளைகள் கற்காலம் என்றால் ஐரோப்பியக் குகைகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே சிவப்பு நூலை இழுத்துக் கட்டினேன். அது தவறு. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் கிடைத்த, ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கைக்கோடரிகளுக்கோ சுமார் 15 லட்சம். "அப்படியானால் நமக்கு முன்பே இங்கே வந்தது யார் சார்?" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அன்றே நூலை அவிழ்த்தேன். இப்போது முந்தைய மனித இனங்களுக்குச் சிவப்பு, நமக்கு நீலம். அத்திரம்பாக்கத்திலேயே கிடைத்த, 3.85 லட்சம் ஆண்டுப் பழமையான கருவிகளுக்கு மட்டும் வெள்ளை முடிச்சு. அவற்றின் காலம் நம் இனத்தின் தொடக்கத்தை நெருங்குகிறது; அங்கே மனித எலும்பு கிடைக்காததால் செய்தவர் யாரென்று முடிவாகவில்லை. கடலுக்கும் இரண்டு கரை வரைந்தேன். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்தக் கோட்டில் இலங்கை நம்மோடு ஒட்டிக் கிடக்கிறது. நம் ஊர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் கடலோரமே அல்ல.

வரைபடத் திறப்புக்கு வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் உறுப்பினர்கள் நான்கே பேர். மொத்த உறுப்பினர்கள் 64. சந்தா கட்டியவர்கள் 29. மற்றவர்கள் வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். "அடுத்த வாரம்" என்ற பதிலோடு திரும்பினேன்.

வரவு செலவைப் பொருளாளர் பின்னர் சுற்றுக்கு விடுவார். சிறு பற்றாக்குறை உண்டு. பெரும்பாலும் கூரைச் செலவால் வந்தது. கட்டட உரிமையாளருக்கும், ஏணி தந்த பெயிண்டருக்கும், நிர்வாகக்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மாணவர்களைப் பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். வேன் வாடகைக்கு வழியில்லை. நீல நூலும் சைபீரியாவோடு நிற்கிறது. அமெரிக்கா வரை கொண்டுபோக நூல் வாங்க வேண்டும். சந்தா ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பேன்.

செயலாளர்