இரண்டாவது மேஜர் எது?

டர்பன்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை.

கவிதா மீடியாவையும் கலைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்க இரண்டு பட்டம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இரண்டு பட்டங்களை நாலு வருஷத்தில் சேர்த்துத் தருகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் அது ஒரே பி.ஏ., மூன்று வருஷம், இரண்டு மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடங்கள். யோசிக்க வேண்டியது இரண்டாவது மேஜரைப் பற்றித்தான்.

மீடியா எடுக்கும் பிள்ளைகள் பலர் அதற்குப் பக்கத்துப் பாடத்தையே இரண்டாவதாகவும் எடுத்துவிடுகிறார்கள். ஒரே கோட்பாட்டை இரண்டு வகுப்பில் கேட்பதுதான் மிச்சம். என்னைக் கேட்டால் வரலாறு, இல்லாவிட்டால் இந்த மண்ணின் மொழியான ஸூலு. க்வாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் ஸூலு பேசாத மாணவர்களுக்கு 2014 முதல் ஒரு ஸூலு தாள் எப்படியும் கட்டாயம். அதோடு நிறுத்தாமல் தொடர்ந்தால் பேட்டிக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வரலாறு ஏன் என்கிறாயா? காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையையே எடுத்துக்கொள். 1903-இல் டர்பனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்தது. 1906-இல் தமிழும் இந்தியும் நின்றுபோயின. அச்சுக் கோக்க ஆள் இருந்ததா, சந்தா கட்டியவர்கள் யார், யாருடைய பணத்தில் ஓடியது என்று மீடியா வகுப்பு கேட்கும். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்று வரலாற்று வகுப்பு கேட்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஆராய்ச்சி. அந்தப் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பி.ஏ. லேசான படிப்பு என்று உன் மைத்துனர் சொல்வதை நம்பாதே. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் மாட்யூலுக்கு, அதாவது ஒரு தாளுக்கு, 160 மணி. செமஸ்டருக்கு நாலு மாட்யூல், ஆக 640 மணி. பரீட்சையும் சேர்த்து 16 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி. லெக்சரில் உட்காருவது அதில் சிறு பங்குதான். பேட்டிப் பதிவு ஒரு மணி நேரம் இருந்தால் அதை எழுத்தில் இறக்க நாலு மணி நேரமாவது போகும். இதைக் கணக்கில் வைக்காதவர்கள்தான் செமஸ்டர் கடைசியில் திண்டாடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் முதலாண்டுத் தாள்கள். அவற்றில் தேறாமல் இரண்டாம் ஆண்டு மேஜர் தாள்களை எடுக்க விடமாட்டார்கள். பல தாள்கள் வருஷத்தில் ஒரே செமஸ்டரில்தான் நடக்கும். ஒன்று போனால் ஒரு வருஷமே போகலாம். என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி படிப்புக் காலத்துக்கு மேல் ஒரே ஒரு வருஷம்தான் நீளும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால்தான் அதுவும். ஆனர்ஸுக்கு அதை நம்பியிருக்காதே, அந்த நாலாவது வருஷத்துக்கு இப்போதே பணம் ஒதுக்கு.

ஒன்று மட்டும் அவளிடம் நேராகக் கேள். கேமராவும் எடிட்டிங்கும்தான் ஆசை என்றால் பி.ஏ.வில் ஏமாந்துபோவாள், அங்கே வாசிப்பும் கட்டுரையும்தான் அதிகம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஜர்னலிசம் டிப்ளமோ அவளுக்குப் பொருந்தலாம். மட்டம் என்று நினைக்காதே.

விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக, பெரும்பாலும் செப்டம்பர் கடைசிக்குள். தெரிவுகளின் வரிசை முக்கியம், மிக வேண்டியதை முதலில் போட வேண்டும். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) ரிசல்ட்டுக்கு முன்பே, பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நிபந்தனையோடு இடம் சொல்லிவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டின் நகலை அனுப்பு, வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முருகன்