பருப்புக் குண்டானில் ஒரு தெர்மாமீட்டர்

குயின்ஸ், நியூயார்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எங்கள் ஓட்டலில் சுகாதாரத் துறைக்காரர்கள் சோதனை போட்டார்கள் என்று கேட்டதிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. நடந்தது இதுதான்.

இந்த ஊரில் 2010லிருந்து ஓட்டல் வாசலில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து அட்டை மாட்ட வேண்டும். நம் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். இங்கே குறைக்குத்தான் மார்க், அது ஏறினால்தான் ஃபெயில். 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. எப்போது வருவார்கள் என்று சொல்லவும் மாட்டார்கள்.

எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் சோதனை போட ஒரு அம்மா வந்தார். கையில் ஊசி மாதிரி தெர்மாமீட்டர். நேராகப் பருப்புக் குண்டானில் குத்தினார். 60 டிகிரிக்குக் குறையக் கூடாதாம், 47 காட்டியது. கெட்டியாகிவிடுமே என்று அடுப்பை அணைத்தது நான்தான். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் டார்ச் அடித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்தார். எலிப் புழுக்கை. எல்லாம் சேர்த்து 21.

முதல் தடவை ஏ வராவிட்டால் மறுபடி ஒருமுறை வந்து பார்த்துத்தான் எழுத்தை முடிவு செய்கிறார்கள். அந்த இடைவெளியில் குழாய் போகிற ஓட்டைகளில் எல்லாம் ஸ்டீல் நாரைத் திணித்து அடைத்தோம். இரண்டாவது தடவை 9. இப்போது வாசலில் நீல நிறத்தில் ஏ தொங்குகிறது.

இன்னொன்று, பரிமாறத் தயாரான பண்டத்தை வெறும் கையால் தொடக் கூடாது. கிளவுஸ் போட்டதும் எனக்கு நம்ம சென்னை பீச் செகண்ட் லைன் அத்தோக் கடை ஞாபகம்தான் வந்தது. நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணி எல்லாவற்றையும் அந்த அண்ணன் கையாலேயே பிசைவாரே, இங்கே ஒரு பிளேட்டுக்கே மாட்டிக்கொள்வார்.

உன் கடைக்கும் மனசுக்குள் மார்க் போட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. இட்லித் துணியைத் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசுகிறாய், பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது, மிச்சம் என்ற பேச்சே இல்லை. அதிலெல்லாம் யாரும் உன்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்னி வாளி திறந்தே கிடக்கிறது. டி.எச். ரோட்டு லாரிப் புழுதி முழுக்க அதில்தான். காசு வாங்குகிற கையாலேயே இட்லியும் எடுக்கிறாய். கல்லாவுக்குத் தங்கச்சியை உட்கார வை.

மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு இரண்டு வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். நூறு ரூபாய் கட்டி வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாயே, அந்த 14 இலக்க நம்பர் வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் மாட்டு. அப்பாவை ஆணி அடிக்கச் சொல்லாதே, சுவர் பெயர்ந்துவிடும்.

உன் மகன்