பந்தலூருக்கு வேலைக்குப் போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

நீலகிரி மலையில் பந்தலூர் பக்கத்துப் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சித்தி சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குப் போனில் நீ, "அங்க தமிழ், மலையாளம், கன்னடம்னு எல்லாரும் கலந்துதானே இருக்காங்க, பழகிடலாம்க்கா" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். உன்னைப் போல மலைக்கு வேலைக்கு வருகிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

நீ திருப்பூரில் வளர்ந்தவள், பாட்டி கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, சிலோனில் இருந்த நம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரி வந்து சேர்ந்தார். இந்த மலைக்காரர்களான படுகர்களின் ஊரை ஹட்டி என்பார்கள், அப்படி ஒரு ஹட்டியில் படுகர் வீட்டுச் சிறு தோட்டத்தில் வேலை. ஆறே மாதத்தில் படுக மொழி பேசினார். பாலை ஹாலு என்றார், வீட்டை மனெ என்றார். தோட்டக்கார அம்மா அவரைக்காயும் சாமையும் கொடுப்பார், பாட்டி தேங்காய்ச் சம்பல் இடித்துக் கொண்டுபோவார், கூடப் பிறந்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஆனால் முப்பது வருடப் பழக்கத்தில் பாட்டியிடமிருந்து அந்த வீட்டுக்குப் போனது ஒரே ஒரு சொல், பேணி. டம்ளரை இன்றைக்கும் அங்கே பேணி என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூலிக்குப் போகிறவர்தான் பாஷை கற்றாக வேண்டும், வயிறு அப்படி.

இந்த மலைக்குக் கொடுக்கல் வாங்கல் புதிதில்லை. இங்கே படுகரோடு கோத்தர், தோடர், குறும்பர் என்ற பழங்குடிகளும் உண்டு. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து தந்தார்கள், மற்றவர்களின் சாவுக்கும் வந்து வாசித்தார்கள். தோடர் நெய், படுகர் தானியம், குறும்பர் தேன் என்று மாறி மாறிப் போனது. மேல் கீழ் அதிலும் இருந்தது. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது. இரண்டாயிரம் பேர் அளவில் உள்ள தோடர்களின் மொழி இன்றும் வீட்டில் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நீ போகிற பக்கம் கதை வேறு. அப்பா சேரம்பாடிக்கு மாறியபோது எனக்கு எட்டு வயது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தோட்டம்தான் டேன்டீ. நமக்குச் சோறு போட்ட தோட்டம், மறக்க மாட்டேன். ஆனால் காட்டை வெட்டித்தான் அந்தத் தேயிலையை நட்டார்கள், அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆட்கள் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளியில் என்னைச் சிலோன்காரி என்பார்கள். பிரெட்டை 'பான்' என்று சொன்னதற்கு ஒரு டீச்சர் என்னை எழுப்பி நிற்கவைத்தார், வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். அவள் வாய் திறந்தால் சிரிப்பு இன்னும் பெரிதாக இருக்கும். அப்போது நானும் சிரித்தேன் தங்கச்சி. எனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதியில் சிரித்தேன். அடுத்த வருடம் அவள் வரவில்லை.

பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலக்காரர்களிடம் அடிமை வேலை செய்தவர்கள். வயநாட்டில் வள்ளியூர்க்காவு திருவிழாவில் வைத்து ஒரு வருட வேலைக்கு அவர்களைப் பேசி முடித்துக் கூட்டிப்போவார்களாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. நம் முன்னோரும் சிலோனில், கடனை எழுதிய 'துண்டு'ச் சீட்டோடு தோட்டம் தோட்டமாகக் கைமாறியவர்கள்தான், 1921 வரை அது நடந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் பணியர்களின் காலனிக்கும் நடுவில் ஒரு ஓடைதான். இருந்தும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர்கள் எங்களிடம் தமிழ் பேசினார்கள், மலையாளிகளிடம் மலையாளம் பேசினார்கள். அவர்கள் பாஷையில் தண்ணீருக்கு என்ன சொல் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கும் முன் அந்தப் பிள்ளைகளிடம் தண்ணீரைக் காட்டிக் கேள். அவர்கள் சொல்வதைத் தமிழ் எழுத்திலேயே பலகையில், நம் சொல்லுக்குப் பக்கத்தில் எழுது. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலனிக்குப் போ, அங்கே இருக்கும் பாட்டிகளிடம் உட்கார்ந்து பேசு. நீ தப்பாகச் சொல்லி அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஜூனில் தேவாலா பக்கம் மழை விடாது, நல்ல குடையாக எடுத்துக்கொள். அந்தச் சொல் கிடைத்த அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

உன் அக்கா