பச்சை ரயில் ஏன் இவ்வளவு ஆழத்தில்?

ஆசிரியருக்கு,

சென்னை சென்ட்ரல் மெட்ரோவில் 'இன்னும் எத்தனை எஸ்கலேட்டர்தான் இறங்குவது' என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் கீழேதான் போயாக வேண்டும். டிக்கெட் தளத்துக்கு அடுத்து விமான நிலையம் போகும் நீல வழித்தடம், அதற்கும் கீழே, 2018 மே மாதமே திறக்கப்பட்ட பச்சை வழித்தடம். பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு, எழும்பூர் வழியாக வரும் பச்சை ரயிலுக்கு இதுதான் கடைசி நிறுத்தம் என்பதால், கோவை, பெங்களூரு வண்டியைப் பிடிக்க வருபவர்கள் பெட்டியும் பையுமாக மொத்தமாக இறங்கி எஸ்கலேட்டர் வாயில் குவிந்துவிடுகிறார்கள். லிஃப்ட்டை யார் தேடுகிறார்கள்? சரி, கடைசி நிறுத்தம் என்று ரயிலுக்குள் அறிவிக்கும்போதே லிஃப்ட் எந்தப் பக்கம் என்றும் சேர்த்துச் சொன்னால் என்ன?

ஒரு வாசகர், புரசைவாக்கம்