நீ கேட்ட தமிழ்க் குர்ஆன்

கிருஷ்ணகிரி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகனுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உன் நலத்தை நீயே எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை இரவு, தமிழில் பொருள் எழுதிய குர்ஆன் ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்று போனில் கேட்டாய். கேட்ட கையோடு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். யாருக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கென்றால் எனக்குச் சந்தோஷம். வேறு யாருக்காவது என்றாலும் அதில் தவறு ஒன்றும் இல்லை. பெங்களூரில் கிடைக்காத புத்தகம் இல்லை அது. அங்கேயே கிடைப்பதை ஏன் என்னிடம் கேட்டான் என்று மூன்று நாளாக மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வாங்கவில்லை. என்னுடையதையே அனுப்புகிறேன். முதுகு பிய்ந்துபோனதால் துணி ஒட்டியிருக்கிறேன். ஓரங்களில் பென்சில் கோடுகள் இருக்கும், அவற்றை அழிக்க வேண்டாம். பார்சல் வந்ததும் பிரித்து உயரமான இடத்தில் வை. செருப்பு விடும் இடத்திலோ மெத்தை மேலோ போட்டுவிடாதே.

மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் இப்போது ரோட்டில் நிற்பதில்லை. அக்காவின் சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மற்றதை அம்மா சொல்லுவாள்.

படிக்கப்போகிறவருக்கு இது புதிது என்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடு. கதைப் புத்தகம் போல முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் திணறிப்போவார்கள். 114 சூராக்கள், அதாவது அத்தியாயங்கள், இருக்கின்றன. அவை இறங்கிய வரிசையில் அடுக்கப்படவில்லை. முன்னால் பெரியவை, போகப்போகச் சின்னவை. இரண்டாவதான பகராவில் மட்டும் 286 ஆயத்துகள், அதாவது வசனங்கள். கடைசிப் பக்கங்களில் மூன்றே ஆயத்துகளில் முடியும் சூராவும் உண்டு. முதலில் இறங்கிய ஐந்து ஆயத்துகள் 96ஆவது சூராவில் இருக்கின்றன. ஆகவே கடைசிப் பக்கங்களில் தொடங்கச் சொல். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

அது ஒரே நாளில் வந்த வேதம் இல்லை என்பதையும் சொல். 23 ஆண்டுகளில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 610ஆம் ஆண்டு, மக்காவுக்கு வெளியே ஹிரா குகையில் தனித்திருந்த நாற்பது வயது மனிதரிடம் வானவர் ஜிப்ரீல் வந்து "ஓதுவீராக" என்றார். "எனக்கு ஓதத் தெரியாதே" என்றார் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். பிறகு நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்து, "என்னைப் போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்" என்றார்கள். மனைவி கதீஜா நாயகி என்ன சொன்னார்கள் தெரியுமா? "அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான். நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள்" என்றார்கள். உறவைப் பேணுவதைத்தான் முதலில் சொன்னார்கள். இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற உனக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு கொஞ்ச காலம் வஹீ என்னும் இறைச்செய்தி வரவில்லை. மேலிருந்து ஒரு சொல்லும் இல்லை. இறைவன் இவரைக் கைவிட்டுவிட்டான் என்று மக்காவாசிகள் பேசினார்கள். அப்போது இறங்கியது வள்ளுஹா. 93ஆவது சூரா, பதினோரு ஆயத்துகள். "முற்பகல் மீது சத்தியமாக. இருள் சூழும் இரவின் மீது சத்தியமாக. உம் இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை." எட்டு மாதமாக நீ வீட்டுக்கு வரவில்லை. பக்ரீதுக்கும் வரவில்லை. உன் தட்டில் கறி எடுத்துவைத்துவிட்டு உன் அம்மா அதைப் பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அன்றிரவு நான் உட்கார்ந்து இந்தச் சூராவைத்தான் ஓதினேன். பேச்சு நின்றுபோனதாலேயே வெறுத்துவிட்டதாக ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மச்சான் அன்றைக்கு ஏதோ சொல்லவந்தார். வாங்க சாப்பிடலாம் என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்துப் படிக்க வேண்டியது லுக்மான், 31ஆவது சூரா. ஒரு தகப்பன் தன் மகனுக்குச் சொல்கிற புத்தி அது. "யா புனய்ய" என்று கூப்பிடுகிறார். என் சின்ன மகனே என்று பொருள். "ஒரு கடுகு அளவே ஆனாலும், அது ஒரு பாறைக்குள் இருந்தாலும், வானங்களில் இருந்தாலும், பூமிக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளியே கொண்டுவருவான்" என்கிறார்.

இதைத் தமிழில் முதன்முதலாகப் படித்த அன்று என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பர்கூர்ப் பக்கத்துக் குவாரியில் இருபத்திரண்டு வருடம் பாறை பிளந்தவன் நான். வரிசையாகத் துளை போடுவோம். ஒவ்வொரு துளையிலும் ஆப்பு இறக்குவோம். பிறகு சம்மட்டியால் ஒரே ஆப்பை ஓங்கி அடிக்கக் கூடாது. முதல் ஆப்பில் ஒரு அடி, அடுத்ததில் ஒரு அடி, கடைசி வரை போய்த் திரும்பவும் முதலிலிருந்து. கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் ஒரு கட்டத்தில் தணிந்து, அடி உள்ளே போகிற மாதிரி மந்தமாகக் கேட்கும். அப்போது எல்லோரும் கையை நிறுத்திவிடுவோம். கொஞ்ச நேரத்தில் கல் தானாக வாய்பிளக்கும். பிளந்த முகத்தில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். படைத்த நாளிலிருந்து வெயிலே படாத முகம் அது. சிலதில் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று கிடக்கும். அந்தக் கல்லுக்கு விலை குறைந்துவிடும் என்று மேஸ்திரி திட்டுவார். கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன் என்று நம் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லுகிறார்கள். அரபு நாட்டுக்கு வந்த வேதத்திலும் பாறையும் அதற்குள் கடுகும் இருப்பதைப் பார்த்தபோது, இது எனக்கும் வந்த கடிதம் என்று நினைத்தேன்.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸுலைமான் நபி ஸபா நாட்டு ராணிக்கு எழுதிய கடிதம் குர்ஆனுக்குள்ளேயே இருக்கிறது. 27ஆவது சூரா. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம், அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமான அல்லாஹ்வின் பெயரால் என்றுதான் அது தொடங்குகிறது. ஒன்பதாவது சூராவைத் தவிர எல்லாச் சூராவுக்கும் தலைப்பில் பிஸ்மி உண்டு. சூராவின் நடுவில் பிஸ்மி வருவது அந்தக் கடிதத்தில் மட்டுமே.

படிக்கிறவர் பெண்ணாக இருந்தால் 19ஆவது சூராவைக் காட்டு. அது மர்யம் அலைஹிஸ்ஸலாம் பெயரில் உள்ளது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஒரே பெண்மணி அவர்கள். தனியாகப் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையில் கிடந்தவரிடம் "கவலைப்படாதே" என்று சொல்லப்படுகிறது. பெண்ணாக இருந்தால் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

யாராக இருந்தாலும் கட்டாயப்படுத்தாதே. இரண்டாவது சூராவின் 256ஆவது ஆயத்தில் "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்று இருக்கிறது. அங்கே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன், பார். 49ஆவது சூராவின் 13ஆவது ஆயத்திலும் போட்டிருக்கிறேன். ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் உங்களைப் படைத்தோம், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம் என்று மனிதர் எல்லோரையும் பார்த்துச் சொல்கிறது. வீட்டாருக்குக் காட்டுவதற்காக ஒருவரைப் படிக்கவைப்பது பாவம். அவராக விரும்பிக் கேட்டிருந்தால் மட்டும் கொடு. கட்டாயப்படுத்தாதே.

இது எப்படிப் புத்தகமாயிற்று என்று கேட்டால் ஸைத் இப்னு ஸாபித் கதையைச் சொல். நாயகத்தின் காலத்தில் குர்ஆன் நெஞ்சுகளில்தான் இருந்தது. எழுதிவைத்ததும் சிதறிக் கிடந்தது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் மாண்டுபோன பிறகு, அபூபக்ர் கலீஃபா ஸைதைக் கூப்பிட்டுத் தொகுக்கச் சொன்னார்கள். "ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது" என்றார் ஸைத். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், வெள்ளைக் கல் தகடுகளிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் தேடிச் சேர்த்தார். பிறகு உஸ்மான் கலீஃபா காலத்தில் பிரதிகள் எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். கல் தகட்டில் எழுதிவைத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குப் புரியும். பலகைக் கல்லை மெருகேற்றி எத்தனையோ பேர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஓர் எழுத்தும் அதில் நான் படித்ததில்லை.

இனி எழுத வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

வள்ளுஹாவின் கடைசிப் பகுதியில் "கேட்டு வருபவரை விரட்டாதீர்" என்று இருக்கிறது. யாசகம் கேட்பவரைத்தான் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். அறிவைத் தேடிக் கேள்வி கேட்பவரையும் அது குறிக்கும் என்று விளக்கம் எழுதியவர்கள் சொல்லியிருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் பென்சில் அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கும்.

அப்போது உனக்குப் பதினோரு வயது. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு திண்ணையில் குர்ஆன் வைக்கும் ரைஹால் பலகையை விரித்து நீ ஓதிக்கொண்டிருந்தாய். முதல் சூராவான அல்ஹம்துவை ஓதி முடித்துவிட்டு, "அத்தா, இஹ்தினா என்றால் என்ன?" என்று கேட்டாய். ஓதினால் போதும், எதிர்க்கேள்வி கேட்காதே என்றேன். "தினமும் கேட்கிறோமே, என்ன கேட்கிறோம் என்று தெரிய வேண்டாமா?" என்றாய். அறைந்துவிட்டேன். உன் கை பட்டுப் பலகை கவிழ்ந்தது. நீ அழவில்லை. குர்ஆனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே வைத்துவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. என்ன படிக்கப்போகிறாய், எங்கே வேலைக்குப் போகிறாய் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியாக வந்தது. போன செவ்வாய்க்கிழமை நீ கேட்டதுதான் அதற்குப் பிறகு முதல் தடவை.

எனக்குத் தெரியாது, மகனே. அதுதான் உண்மை. நாற்பத்தைந்து வயது வரை எத்தனை தடவை குர்ஆனை முழுதாக ஓதிக் கத்தம் செய்திருப்பேன், ஓர் ஆயத்துக்குப் பொருள் தெரியாது. என் அத்தாவும் சொல்லித்தரவில்லை. நான் போய்வந்த பள்ளிவாசலில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, உருதுவில் நடக்கும். எனக்குத் தெரிந்த உருது சந்தைக்குப் போதும், அதற்கு மேல் இல்லை. நம் வீட்டில் பொருள் தெரிந்த ஒரே ஆள் உன் பாட்டி நன்னிதான். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்தக் கிதாபுகளை அவர் ராகம் போட்டுப் படிப்பார். பொம்பளைகள் படிக்கிற கிதாபு என்று நான் காதுகொடுத்ததே இல்லை. தெரியாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடித்தேன். உங்கள் இதயங்கள் பாறையைப் போல, ஏன், அதைவிடவும் இறுகிவிட்டன என்று பகராவில் ஓர் ஆயத்து இருக்கிறது. பாறைகளிலும் பிளந்து தண்ணீர் கசிபவை உண்டு என்று அதுவே தொடர்கிறது. அது வேறொரு சமூகத்தைப் பார்த்துச் சொன்னதுதான். அப்படிப் பாறையில் கசிந்த தண்ணீரை நான் குவாரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அளவும் என்னிடம் இல்லை.

கல்தூசி நெஞ்சில் இறங்கி வேலையை விட்ட பிறகுதான் இந்தத் தமிழ்க் குர்ஆனை எடுத்தேன். முழுக் குர்ஆனையும் முதன்முதலில் தமிழாக்கியவர் அப்துல் ஹமீது பாகவி ஹஜ்ரத். அவருக்குப் பிறகு பல மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் தொடவில்லை. சுப்ஹு தொழுதுவிட்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று படித்தேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இஹ்தினா என்றால் எங்களுக்கு வழிகாட்டு. எனக்கு என்று இல்லை, எங்களுக்கு. தனியாக நின்று தொழுதாலும் எங்களுக்கு என்றுதான் கேட்க வேண்டும். ஐந்து வேளையும் கட்டாயமாகத் தொழுகிற ஃபர்ளில் மட்டும் 17 ரக்அத்து, ஒவ்வொன்றிலும் அல்ஹம்து ஓதுகிறோம். ஆகவே குறைந்தது பதினேழு தடவை ஒரு நாளைக்குக் கேட்கிறோம். அல்ஹம்துவில் இஹ்தினாவுக்கு முன்னால் வருகிற ரப் என்ற சொல்லுக்கு ஆண்டவன் என்று மட்டும் நினைத்திருந்தேன். பேணி வளர்ப்பவன் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. நாம் குர்ஆனைப் படிக்கிற புத்தகமாக மட்டும் வைத்திருக்கவில்லை. பிள்ளை பிறந்தாலும் மய்யித்து எடுத்தாலும் அல்ஹம்துவின் அந்த ஏழு ஆயத்துகள்தான் வாயில் வருகின்றன. பொருள் தெரியாமல் ஓதிய என் வருடங்களும் வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஓசைதான் என்னை குவாரியில் தாங்கியது. ஆனால் பொருளோடு ஓதுகிறபோது தொண்டை அடைக்கிறது. இதை அந்த வயதிலேயே உனக்கு நான் கொடுத்திருக்க வேண்டும்.

படிக்கிறவருக்குக் கேள்வி எழுந்தால் கேட்கச் சொல். என்னிடமே கேட்கலாம். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்வேன். கூட்டி வந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். உயரமான இடத்தில் வைக்க மறந்துவிடாதே.

பார்சலில் அம்மா மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறாள். இவனுக்கு ஒன்றே ஆறு மாதம் வருமே, இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். மூடியை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, காகிதம் சுற்றப் போய்விட்டாள்.

வஸ்ஸலாம்.
அத்தா