மூன்சாமி வீட்டுப் பெயர்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மச்சான்,

பேரனோடு நாள் போவதே தெரியவில்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலத்தோடு நின்றுவிடாதே, டாக்டரைப் பார்.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது. தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் பேச வராது. குடும்பப் பெயர் மூன்சாமி. அது ஏதோ ஜாதிப் பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். இங்கே நாய்டூ (நாயுடு), மூட்லி (முதலி), படையாச்சி என்று ஜாதிப் பெயரோடு நிறையப் பேர் இருப்பதால் அப்படித் தோன்றியிருக்கும். நான்தான் சொன்னேன்: "இது ஒரு ஆளுடைய பெயர் அம்மா, முனுசாமி. முனீஸ்வரனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு எங்கள் பக்கம் வைப்பது." சட்டென்று கண் கலங்கிவிட்டது அவருக்கு.

1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துக் கப்பல் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் மூதாதையான முனுசாமி வந்தது 1880-களில். அவருடைய பக்கத்தின் நகலை அந்த அம்மா பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். முனுசாமி, தகப்பன் பெயர் சின்னப்பையன், வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாடு முட்டியதோ, மரத்திலிருந்து விழுந்ததோ!

முனுசாமியின் பிள்ளைகளுக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகி, அதோடு நின்றுவிட்டது. சின்னப்பையன் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறார்.

நம் வீட்டிலும் இதேதான் நடக்கிறது, மச்சான். ஊரில் என் பெயர் மகனுக்கு வெறும் இனிஷியல். இங்கே ஆபீஸில் அவனையே என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பேரனின் பிறப்புச் சான்றிதழிலும் கடைசிப் பெயர் நான்தான். என் அப்பா பெயர் எங்குமே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் நாலு தலைமுறைப் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். நீயும் எழுதிவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயரை அந்தக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். 'பூடவாட்' என்று படிக்கலாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அந்த அம்மாவின் பூஜை அறைக்குள் போனேன். நடுவில் ரேணுகாம்பாள் படம், நம் படவேட்டு அம்மன்! தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறார்களாம். படவேடாகத்தான் இருக்கவேண்டும் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது.

போளூரிலிருந்து உனக்குச் சந்தவாசல் வழியாக எட்டிப்போகிற தூரம்தானே. ஒரு வெள்ளிக்கிழமை போய்க் கோயிலில், பக்கத்துத் தெருக்களில் பெரியவர்களிடம் விசாரி. சின்னப்பையன் வகையறா, கப்பலேறிப் போன முனுசாமி என்று கேள். யாருக்கும் நினைவில்லை என்றாலும் பரவாயில்லை, அம்மன் விபூதி ஒரு பொட்டலம் வாங்கி வை. தை மாசம் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்